தென் கரோலினா யார் மேல் புகார் சொன்னது?

அமெரிக்க உள்நாட்டுப் போர் எதனால் வந்தது என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் இரண்டு பதில்கள்தான் வரும். ஒருவர் "அடிமை முறையால்" என்பார். இன்னொருவர் உடனே, "அப்படி ஒரே வரியில சொல்லிட முடியாது, அது மாநில உரிமைக்கான போர்" என்பார். ரொம்ப நாளாக நானும் இரண்டாவது ஆள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாநில உரிமை என்ற சொல்லைக் கேட்டாலே நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு சாய்வு வந்துவிடும். எனக்கும் உண்டு.

அந்த நினைப்பை உடைத்தது ஒரு சின்ன ஆவணம். 1860 டிசம்பர் 20 அன்று தென் கரோலினா அமெரிக்க ஐக்கியத்திலிருந்து விலகியது. நான்கு நாள் கழித்து, ஏன் விலகினோம் என்பதற்கான காரணங்களை ஒரு பிரகடனமாக வெளியிட்டது. சில பக்கங்கள்தான், ஒரு காபி ஆறுவதற்குள் படித்துவிடலாம். முதல் பாதி எதிர்பார்த்தபடியே இருக்கிறது. 1776இல் நாங்கள் சுதந்திர நாடானோம், 1783 ஒப்பந்தத்தில் பிரிட்டிஷ் அரசரே ஒவ்வொரு மாநிலத்தையும் பெயர் சொல்லி இறையாண்மை உள்ளதாக ஏற்றுக்கொண்டார், அரசியல் சட்டம் என்பது இப்படிப்பட்ட மாநிலங்களுக்கு இடையே போட்ட ஒப்பந்தம், ஒரு தரப்பு மீறினால் மறு தரப்பு விலகலாம். சரி.

ஒப்பந்தத்தை மீறியது யார் என்ற இடத்துக்கு வரும்போதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். புகார் வாஷிங்டன் மேல் இல்லை. மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் என்று தொடங்கி விஸ்கான்சின், அயோவா வரை பதின்மூன்று வடக்கு மாநிலங்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. குற்றச்சாட்டு என்னவென்றால், இந்த மாநிலங்கள் தங்கள் சொந்தச் சட்டங்களைப் போட்டு, காங்கிரஸ் இயற்றிய சட்டத்தைச் செயலற்றதாக ஆக்கிவிட்டன என்பது. (காங்கிரஸ் என்றால் அமெரிக்க நாடாளுமன்றம்.) நியூயார்க் நீதிமன்றங்கள், அடிமையைக் கூட்டிக்கொண்டு அந்த மாநிலம் வழியாகக் கடந்து போகும் உரிமையைக்கூட மறுத்துவிட்டன என்று தனியாக ஒரு வரி.

அதாவது, மாநில உரிமைக்காகப் பிரிந்ததாகச் சொல்லப்படும் மாநிலத்தின் எழுத்துபூர்வமான புகார், மற்ற மாநிலங்கள் மாநில உரிமையைப் பயன்படுத்தியதுதான்!

அப்படியானால் 1850களில் அந்த உரிமையை உண்மையில் கையில் எடுத்தது யார்? அதைத் தேடிப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இவை.

சிக்கலின் வேர் அரசியல் சட்டத்தின் நான்காவது பிரிவில் இருக்கிறது. ஒரு மாநிலத்தில் உழைப்புக்குக் கட்டுப்பட்டவர் இன்னொரு மாநிலத்துக்குத் தப்பி ஓடினால், அங்குள்ள சட்டத்தால் அவர் விடுதலை பெற்றுவிட மாட்டார், உரியவர் கேட்டால் ஒப்படைக்கப்பட வேண்டும் என்கிறது அது. 'அடிமை' என்ற சொல்லை 1787இல் எழுதியவர்கள் கவனமாகத் தவிர்த்திருக்கிறார்கள். அதைவிட முக்கியம், 'ஒப்படைக்கப்பட வேண்டும்' என்ற அந்தச் செயப்பாட்டு வினை. யார் ஒப்படைக்க வேண்டும்? அந்த மாநிலத்தின் ஷெரிஃபா, ஃபெடரல் அதிகாரியா? எழுதவில்லை. எழுவாய் இல்லாத ஒரு வாக்கியம் எழுபது வருடச் சண்டைக்கு இடம் கொடுத்தது.

இதே போல இன்னொரு விடுபட்ட சொல்லும் உண்டு. அரசியல் சட்டத்துக்கு முன்பிருந்த கூட்டமைப்பு ஒப்பந்தம், மத்தியில் உள்ள அமைப்புக்கு 'வெளிப்படையாக' அளிக்கப்படாத அதிகாரம் எல்லாம் மாநிலங்களுடையது என்றது. 1791இல் வந்த பத்தாவது திருத்தம் ஏறக்குறைய அதையே சொல்கிறது, ஆனால் 'வெளிப்படையாக' என்ற சொல் இல்லை. சேர்க்கச் சொன்னவர் தென் கரோலினா உறுப்பினர் தாமஸ் டியூடர் டக்கர். சபை ஏற்கவில்லை. 1819இல் மெக்கல்லக் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அந்த ஒரு சொல் இல்லாததைச் சுட்டிக்காட்டித்தான், எழுதாத அதிகாரங்களும் ஃபெடரல் அரசுக்கு உண்டு என்ற பக்கம் தீர்ப்பைக் கொண்டுபோனார்.

இப்போது 1837. பென்சில்வேனியாவில் மார்கரெட் மார்கன் என்ற கறுப்பினப் பெண் கணவரோடும் குழந்தைகளோடும் வாழ்ந்துகொண்டிருந்தார். பக்கத்து மாநிலமான மேரிலாந்தில் இருந்தபோதே, சட்டப்படி அடிமை என்றாலும் நடைமுறையில் யாருக்கும் வேலை செய்யாமல் சுதந்திரமாக இருந்தவர். பழைய முதலாளியின் வாரிசுக்காக எட்வர்ட் பிரிக் என்பவரும் கூட்டாளிகளும் வந்து, அவரையும் குழந்தைகளையும் மேரிலாந்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பென்சில்வேனியாவின் 1826 சட்டப்படி ஒரு நீதிபதியிடம் சான்று வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. ஆள் கடத்தல் வழக்கு போடப்பட்டு, அது உச்ச நீதிமன்றம் வரை போனது.

1842இல் நீதிபதி ஜோசப் ஸ்டோரி எழுதிய தீர்ப்பு, முதல் பார்வையில் அடிமை உடைமையாளர்களுக்கு முழு வெற்றி. பென்சில்வேனியா சட்டம் செல்லாது, பிரிக் குற்றவாளி அல்ல. ஆனால் உள்ளே ஒரு கொக்கி இருந்தது. ஓடிப்போனவரைத் திருப்பித் தருவது ஃபெடரல் அரசின் வேலை என்றால், அதைச் செய்யச் சொல்லி மாநில அதிகாரிகளைக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் விரும்பினால் செய்யலாம், மாநிலம் தடை போட்டால் அதுவும் இல்லை. தலைமை நீதிபதி ரோஜர் டேனி இந்த இடத்தை மட்டும் ஒப்புக்கொள்ளாமல், உதவுவது மாநிலங்களின் கடமை என்று தனியாக எழுதினார். இந்த டேனியை மறக்காதீர்கள், திரும்ப வருவார்.

இந்தக் கொக்கி ஏன் பெரிய விஷயம் என்பது நம் ஊர் அமைப்பில் பழகியவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. இந்தியாவில் நாடாளுமன்றம் சட்டம் போட்டால் அதை மதித்து மாநில நிர்வாகம் நடக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 256ஆவது பிரிவே சொல்கிறது, ஒன்றிய அரசு உத்தரவும் போடலாம். அமெரிக்காவில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. அங்கே இரண்டு அரசுகள், இரண்டு தனித்தனி இயந்திரங்கள். 1840களில் ஃபெடரல் இயந்திரம் நோஞ்சான். ஊருக்கு ஊர் சிறை வைத்திருப்பது மாநிலம், போலீஸ் வைத்திருப்பது மாநிலம். அவை ஒதுங்கிக்கொண்டால் ஃபெடரல் சட்டம் வெறும் காகிதம்.

மாசசூசெட்ஸ் அதை உடனே பிடித்துக்கொண்டது. 1843இல் ஒரு சட்டம்: மாநில அதிகாரி யாரும் ஓடிவந்தவரைப் பிடிக்க உதவக் கூடாது, மாநிலச் சிறையை அதற்குத் தரக் கூடாது. மற்ற வடக்கு மாநிலங்களும் வரிசையாகப் பின்தொடர்ந்தன.

தெற்கின் பதில் 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டம். அதன் விவரங்களைச் சுருக்காமலே சொல்கிறேன், ஏனென்றால் 'ஃபெடரல் அதிகாரத்துக்கு அஞ்சியவர்கள்' கேட்டு வாங்கிய சட்டம் இது. ஃபெடரல் கமிஷனர்கள் நியமிக்கப்படுவார்கள். பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை கிடையாது. அவர் தன் சார்பாகச் சாட்சி சொல்ல முடியாது. கமிஷனர் 'இவர் அடிமைதான்' என்று அனுப்பிவைத்தால் அவருக்கு 10 டாலர் கட்டணம், 'இல்லை' என்று விட்டுவிட்டால் 5 டாலர். கூடுதல் எழுத்து வேலை என்று காரணம் சொன்னார்கள்! ஒளித்துவைத்தாலோ தப்ப உதவினாலோ 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. எல்லாவற்றுக்கும் மேலே, தெருவில் போகிற எவரையும் 'வா, பிடிக்க உதவு' என்று அதிகாரி கூப்பிடலாம், வர மறுக்கக் கூடாது.

இறக்குமதி வரி வசூலிப்பதையே கொடுங்கோன்மை என்றவர்கள், வடக்கின் ஒவ்வொரு கிராமத்துக் கதவையும் தட்டும் அதிகாரத்தை வாஷிங்டன் கையில் கொடுத்தார்கள்.

அந்தச் சட்டம் மோதிய இடம் விஸ்கான்சின், 1848இல்தான் மாநிலமானது. ஜோஷுவா குளோவர் மிசௌரியிலிருந்து 1852இல் தப்பி, அங்கே ரசீன் நகருக்குப் பக்கத்தில் ஒரு மர அறுவை ஆலையில் வேலை பார்த்துவந்தார். 1854 மார்ச் 10 இரவு, பழைய எஜமானர் கார்லண்டும் ஃபெடரல் ஆட்களும் அவரை அடித்துப் பிடித்து, மில்வாக்கி சிறையில் அடைத்தார்கள். மறுநாள் ஆயிரக்கணக்கில் கூட்டம். பத்திரிகை ஆசிரியர் ஷெர்மன் பூத் ஊருக்குள் குதிரையில் போய் ஆள் திரட்டினார். மாலையில் கூட்டம் ஒரு பெரிய மரக்கட்டையால் சிறைக் கதவை இடித்துத் திறந்தது. குளோவர் ரசீனுக்குத் திரும்பி, அங்கிருந்து கப்பலேறி கனடா போய்விட்டார்.

பூத் கைதானார். அவரது வழக்கறிஞர் பைரன் பெய்ன் போனது மாநில உச்ச நீதிமன்றத்துக்கு, ஆட்கொணர்வு மனுவோடு. நீதிபதி ஏப்ரம் ஸ்மித் கைதியை விடுவித்ததோடு நிற்கவில்லை, 1850 சட்டமே அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று எழுதினார். முழு அமர்வும் அதை உறுதி செய்தது. ஃபெடரல் தரப்பு விடாமல் ஜூரி முன்னால் வழக்கு நடத்தி, 1855 ஜனவரியில் பூத்துக்கு ஒரு மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் வாங்கிக் கொடுத்தது. மாநில நீதிமன்றம் மறுபடியும் விடுவித்தது.

ஃபெடரல் அரசு வாஷிங்டனில் மேல்முறையீடு செய்தது. வழக்கு ஆவணங்களை அனுப்பு என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. விஸ்கான்சின் நீதிமன்றம் தன் குமாஸ்தாவிடம் சொன்னது: எதையும் அனுப்பாதே, உத்தரவு வந்ததாகப் பதிவேட்டிலும் ஏற்றாதே. எங்கள் தொழிலில் இந்த உத்தி நன்றாகத் தெரிந்ததுதான், டிக்கெட் பதிவானால்தானே பதில் சொல்ல வேண்டும்! கடைசியில் அரசுத் தரப்பிடம் இருந்த சான்றிட்ட நகலை வைத்துத்தான் வழக்கு நடந்தது.

1859 மார்ச் 7. தீர்ப்பை எழுதியவர் டேனி, கறுப்பினத்தவர் குடிமக்களாகவே முடியாது என்று இரண்டு வருடம் முன்பு டிரெட் ஸ்காட் வழக்கில் எழுதிய அதே டேனி. நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகச் சொன்னது: ஃபெடரல் காவலில் இருப்பவரை மாநில நீதிமன்றம் விடுவிக்க முடியாது. ஒவ்வொரு மாநிலமும் ஃபெடரல் சட்டத்துக்குத் தானே பொருள் சொல்லிக்கொண்டால், ஒரு நாட்டில் ஒரே குற்றத்துக்கு ஊருக்கு ஒரு சட்டம் இருக்கும்.

பன்னிரண்டு நாளில் விஸ்கான்சின் சட்டமன்றம் பதில் தீர்மானம் போட்டது. அதன் மொழி புதிதல்ல. அறுபது வருடம் முன்னால் போய்வந்தால்தான் அதன் ருசி தெரியும்.

1798இல் அரசை விமர்சிப்பவர்களைச் சிறையில் போடும் ஒரு சட்டம் வந்தது. அதற்கு எதிராகக் கென்டக்கி, வர்ஜீனியா சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டன. ஃபெடரல் அரசின் அதிகார எல்லையை அந்த அரசே தீர்மானிக்க முடியாது, ஒப்பந்தத் தரப்பான மாநிலங்களுக்கும் அந்த உரிமை உண்டு என்பது சாரம். கென்டக்கிக்கு எழுதிக் கொடுத்தவர் தாமஸ் ஜெஃபர்சன், ரகசியமாக. அப்போது அவர்தான் துணை அதிபர். 1828இல் இறக்குமதி வரிக்கு எதிராகத் தென் கரோலினாவுக்கு இதே வாதத்தை விரித்து எழுதிக் கொடுத்தவர் ஜான் கல்ஹூன், அவரும் பெயர் போடாமல். அவரும் அப்போது துணை அதிபர்! (வேலை குறைவான பதவி போலிருக்கிறது.) 1832 நவம்பரில் தென் கரோலினா வரிச் சட்டம் தன் எல்லைக்குள் செல்லாது என்றே அறிவித்தது. அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் படையைக் காட்டி மிரட்டினார், 1833இல் வரியைப் படிப்படியாகக் குறைக்கும் சமரசத்தில் விஷயம் அடங்கியது. வர்ஜீனியா தீர்மானத்தை எழுதிய மேடிசன் அப்போது உயிரோடு இருந்தார். நான் எழுதியதற்கு இது அர்த்தமே இல்லை என்று முதுமையிலும் மறுத்துக்கொண்டிருந்தார்.

1859இல் விஸ்கான்சின் எடுத்து வைத்துக்கொண்டது கென்டக்கியின் வாசகங்களைத்தான். கிட்டத்தட்ட வரிக்கு வரி. ஒரு முக்கியமான மாற்றம், கென்டக்கி 1799இல் பயன்படுத்திய 'செல்லாததாக்குதல்' என்ற சொல் இருந்த இடத்தில் 'நேரடி எதிர்ப்பு' என்று போட்டார்கள். பழைய சொல்லில் கல்ஹூன் வாடை அடித்திருக்கும் என்பது என் ஊகம். அந்த வசந்தத்திலேயே பைரன் பெய்ன் மாநில உரிமையைக் கோஷமாக வைத்துத் தேர்தலில் நின்று, மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியானார். அடிமை ஒழிப்புக்காரர்கள் மேடையில் மாநில இறையாண்மை முழங்கினார்கள்.

டேனியின் தீர்ப்பாணையைப் பதிவுசெய்யலாமா என்ற கேள்வி அதே நீதிமன்றத்துக்கு வந்தது. தலைமை நீதிபதி டிக்சன் செய்யலாம் என்றார், கோல் கூடாது என்றார். பெய்ன், தான் வாதாடிய வழக்கு என்பதால் ஒதுங்கிக்கொண்டார். ஒன்றுக்கு ஒன்று. ஆணை பதிவாகவில்லை. பூத்தை 1860இல் மறுபடி பிடித்து, கூட்டம் மீட்டு, திரும்பவும் பிடித்து, கடைசியில் 1861 மார்ச்சில் அதிபர் புக்கானன் பதவி முடியும் தறுவாயில் மன்னித்தார். போர் தொடங்க இன்னும் ஆறு வாரம்.

இனி தென் கரோலினாவின் புகாரை மறுபடி படியுங்கள். பட்டியலில் விஸ்கான்சின் இருப்பதன் அர்த்தம் இதுதான். பிரிந்துபோன மாநிலங்கள் 1861இல் தங்களுக்கென எழுதிய அரசியல் சட்டமும் இதற்குச் சாட்சி. மாநில இறையாண்மையை முகப்புரையில் போட்டார்கள். உள்ளே, அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குறைக்கும் சட்டம் எதையும் காங்கிரஸ் இயற்றக் கூடாது என்றும், எந்த உறுப்பு மாநிலத்துக்கும் அடிமைகளோடு போய்த் தங்கலாம் என்றும் எழுதினார்கள். நியூயார்க் செய்ததை இனி எந்த மாநிலமும் செய்ய முடியாதபடி முதலிலேயே பூட்டிவிட்டார்கள்.

இவ்வளவையும் படித்த பிறகு 'மாநில உரிமை என்பது எல்லாருக்கும் வெறும் சாக்கு' என்று சொல்லிவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இதில் இரண்டு வேறு வாதங்கள் கலந்து கிடக்கின்றன. 'உன் சட்டத்தை நிறைவேற்ற என் ஆட்களைத் தர மாட்டேன்' என்பது மாசசூசெட்ஸின் வாதம். 'உன் சட்டம் என் எல்லைக்குள் செல்லாது, உன் கைதியை நானே விடுவிப்பேன்' என்பது விஸ்கான்சினின் வாதம், அதற்கு முன் தென் கரோலினாவின் வாதம். முதலாவது ஒதுங்கி நிற்பது, இரண்டாவது குறுக்கே நிற்பது.

விஸ்கான்சின் நீதிபதிகளை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டப்படி டேனி சொன்னதுதான் சரி என்ற முடிவுக்கு, பிடிக்காமலே, வர வேண்டியிருக்கிறது. காரணம் 1957. அர்க்கன்சாஸ் மாநிலம் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் பள்ளியில் சேர வந்தபோது, ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் மாநிலக் காவல்படையை நிறுத்தித் தடுத்தார். அதிபர் ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. மறு வருடம் கூப்பர் வழக்கில், உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு மாநிலங்கள் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்று ஒன்பது நீதிபதிகளும் தனித்தனியாகப் பெயர் போட்டு எழுதினார்கள். அந்தத் தீர்ப்பு மேற்கோள் காட்டும் முன்னுதாரணங்களில் ஒன்று டேனியின் 1859 தீர்ப்பு. அடிமையைத் தப்பவைத்தவரைத் திரும்பச் சிறைக்கு அனுப்ப எழுதியது, கறுப்பினப் பிள்ளைகள் பள்ளிக்குள் போக உதவியது. விஸ்கான்சின் சொன்னது சரி என்றால் ஃபாபஸ் செய்ததும் சரியாகிவிடும்.

ஒதுங்கி நிற்கும் உரிமையோ இன்றும் தெம்பாக இருக்கிறது. துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை உள்ளூர் ஷெரிஃப்கள் சோதிக்க வேண்டும் என்றது பிரேடி சட்டம். 1997இல் பிரின்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநில அதிகாரிகளை ஃபெடரல் வேலைக்குக் கட்டாயப்படுத்த முடியாது என்று 5க்கு 4 என்ற கணக்கில் சொன்னது. எழுதியவர் நீதிபதி ஸ்கேலியா, வலதுசாரிகள் கொண்டாடினார்கள். பிறகு குடியேறிகளைப் பிடிக்க எங்கள் போலீஸ் உதவாது என்று சொன்ன இடதுசாரி நகரங்கள் கையில் எடுத்ததும் அதே பிரின்ட்ஸ்தான். 2018இல் நியூ ஜெர்சி விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்க வழி கிடைத்ததும் இந்தக் கொள்கையில்தான். ஸ்டோரி 1842இல் வைத்த கொக்கியின் கொள்கை அது.

மார்கரெட் மார்கனுக்கு அந்தத் தீர்ப்பால் எந்தப் பயனும் இல்லை. அதில் வென்றது பிரிக். ஜோஷுவா குளோவர் டொராண்டோவுக்குப் பக்கத்தில் எடோபிகோக்கில் கூலி வேலை செய்து வாழ்ந்து, 1888இல் இறந்தார்.